தற்புகழ்ச்சியும் சுயவிபரக் கோவையும்

உத்தியோகம் வேண்டி விண்ணப்பிப்போர் தம் கல்வி, தொழில், ஆற்றல் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தி எழுதியனுப்பும் பத்திரம் சுயவிபரக் கோவை எனப்படும். நம் மாணவருட் பலர் பரீட்சைகளிற் சிறப்புறச் சித்தியெய்தியும், இவ்வொரு பத்திரத்தைச் செவ்வனே எழுத அறியாமையால் நேர்முகப் பரீட்சைக்குத்தானும் அழைக்கப்படாது நின்றுவிடுகின்றனர். இதற்குக் காரணங்கள் இரண்டு. தன்னைத்தானே புகழ்தல் இழிவென்றெண்ணிக் கூறவேண்டியவற்றையுங் கூறாதுவிடுதல் ஒன்று. தட்டச்சு நிலையத்திலுள்ள பிறரொருவரின் கோவையைப் பெயர் மாற்றித் தமதாக்கிக்கொள்ளுதல் மற்றொன்று.

முதலாவது தயக்கத்தை நம் இலக்கண நூலே தீர்த்துவைக்கின்றது. பல துறைகளிலும் அரிய நூல்களை ஆக்கி முடித்தவராயினும் தம்மைத் தாமே புகழ்தல் தகுதியன்று எனப் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே விதித்தார். விதித்த அவரே அடுத்த சூத்திரத்தில் நான்கிடங்களை விலக்காக வகுத்தார். அரசனது அவைக்கு ஓலை விடுக்குமிடத்தும், தம் ஆற்றலை அறியாதாரிடத்தும், அவையில் வாதஞ் செய்து வெல்லவேண்டிய பொழுதும், எதிரி தம்மைப் பழித்த காலத்தும் புலவர் தம்மைப் புகழ்தல் தகும் என்பது அவர் துணிபு. உத்தியோக விண்ணப்பம் இவற்றுள் முதலிரண்டினுள்ளும் அடங்கும். அதிகாரமுடையார்க்கு விடுக்கும் ஓலை அது. அதனைப் படிப்பவரோ நம்மை முன்பின் அறியாதவர். ஆகலின், நம் தகைமையை நாமே எடுத்துரைத்தல் ஈண்டுக் குற்றமாகாது. உரையாது விடுதலே குற்றமாம்.

ஆயின், எடுத்துரைத்தல் வேறு. அடைமொழிகளைக் குவித்தல் வேறு. “கடின உழைப்பாளி, நேர்மையாளன், தலைமைத்துவப் பண்புடையவன்” என எழுதுதல் எவர்க்கும் இயலும். அதனாற் படிப்பவர் அறிவது யாதுமில்லை. கணக்கெழுதுநர் பதவிக்கு விண்ணப்பிக்கும் ஒருவர், “கணக்கியலில் நிறைந்த அனுபவமுண்டு” என்பதை விடுத்து, “கூட்டுறவுச் சங்கக் கடையில் 2 ஆண்டுகள் நாளாந்த வரவு செலவுப் பதிவேட்டை எழுதினேன், மாதந்தோறும் கையிருப்புப் பொருள்களைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டு அறிக்கை கொடுத்தேன்” என எழுதுவாராயின், புகழ்ச்சிச்சொல் ஒன்றுமின்றியே அவர் தகுதி புலப்படும். தொழில் பார்த்தறியாத மாணவரும், கல்லூரிச் சங்கமொன்றின் பொருளாளராயிருந்து அதன் நிதியைக் காத்தமையை ஆண்டுடன் குறிப்பிடலாம்.

இனி, பிறர் கோவையைப் படியெடுத்தல் ஏன் பயன்படாது என்பதை நோக்குவாம். இத்தாலிய ஓவியர் லியனாடோ டாவின்சி, 1482 ஆம் ஆண்டளவில், மிலான் நகரை ஆண்ட லுடோவிக்கோ ஸ்போர்சாவிடம் பணி வேண்டிக் கடிதமொன்று வரைந்தார். அண்டை அரசுகளோடு போர் நேரும் அக்காலத்தில் ஆட்சியாளர்க்கு வேண்டியன எவையென உணர்ந்த அவர், எடுத்துச்செல்லத்தகும் பாலங்கள், அகழி நீரை வடிக்கும் முறைகள், பீரங்கிகள், மூடிய போர்வண்டிகள் ஆகியவற்றையே முன்னர் வரிசைப்படுத்தினார். அவருக்குப் பெரும்புகழ் தந்த ஓவியம் இறுதியிலேதான் இடம்பெற்றது. கேட்பவரின் தேவை வேறுபடுந்தோறும் கோவையின் வரிசையும் வேறுபடல்வேண்டும். விளம்பரத்தைப் பலமுறை படித்து, அதிற் கேட்கப்பட்டவற்றுக்கு விடையாகவே கோவையை அமைத்தல் வேண்டும்.

அமைப்பு முறை எளிது. அரச பதவிகட்கு வர்த்தமானியில் விண்ணப்ப மாதிரி தரப்பட்டிருப்பின் அதனையே வழுவாது பின்பற்றுக. தனியார் நிறுவனங்கட்காயின் 2 பக்கங்கள் பெரும்பாலும் போதும். பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் என்பன முதலிலும், கல்வித் தகைமைகள் ஆண்டுடனும் சித்தியுடனும் அடுத்தும், தொழில் அனுபவம் அண்மையதிலிருந்து பின்னோக்கியும் வருக. இடப்பெயர்வினாலோ நோயினாலோ தடைப்பட்ட ஆண்டுகளை மறையாது ஒரு வரியிற் கூறுக. காரணமற்ற இடைவெளி ஐயத்தை விளைக்கும். காரணம் ஐயத்தை நீக்கும். பொய்யுரைத்துப் பெற்ற பதவி, பின்னர் உண்மை வெளிப்படின் இழக்கப்படும் என்பதை மறவற்க.

ஈற்றில், உறவினரல்லாத இருவரின் பெயர்களைச் சான்றுக்காகத் தருதல் நம் நாட்டு வழக்கு. இதற்கும் நன்னூலில் ஒப்புமையுண்டு. ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரஞ் செய்தற்குரியார் நூலாசிரியனின் ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன், உரைகாரன் என்போரென அந்நூல் கூறும். இவர்கள் அவனது கல்வியையும் நூலையும் நெருங்கி அறிந்தோர். அவ்வாறே, நம்மை அறியாத பெரும் பதவியினரினும் நம் வேலையை நேரிற் கண்ட ஆசிரியரோ மேலாளரோ சிறந்த சான்றாவர். அவர்தம் சம்மதத்தை முன்னரே பெற்று, கோவையின் பிரதியொன்றையும் அவர்க்குக் கொடுத்தல் வேண்டும். நாம் செய்தவற்றை நாமே உண்மையாய்க் கூறி, நம் பண்பினை அறிந்தோர் கூறுமாறு விடுதலே முறையாம்.