அரசு கொடுத்த துப்பாக்கிகள்

புது தில்லி: குடியரசுத் துணைத் தலைவர் தேர்தல் வழக்கமாக ஆரவாரமின்றி நடந்து முடிந்துவிடும். வாக்களிப்பவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் மட்டுமே. முடிவும் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்ததுதான். ஆனால், 2025 ஆகஸ்டில் தமிழகத்தைச் சேர்ந்த சி.பி. ராதாகிருஷ்ணன் தேசிய ஜனநாயகக் கூட்டணியின் வேட்பாளராகவும், உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி பி. சுதர்சன் ரெட்டி எதிர்க்கட்சிகளின் வேட்பாளராகவும் அறிவிக்கப்பட்டபோது, பதினான்கு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தீர்ப்பு மீண்டும் அரசியல் மேடைக்கு வந்தது.

அந்தத் தீர்ப்பு மட்டும் இல்லாதிருந்தால் 2020-ஆம் ஆண்டுக்கு முன்பே நக்சல் பயங்கரவாதம் முடிவுக்கு வந்திருக்கும் என்று கொச்சியில் பேசிய மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா குற்றம் சாட்டினார். அது தமது சொந்தக் கருத்தல்ல, உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு. உள்துறை அமைச்சர் அதை முழுமையாகப் படித்திருந்தால் இவ்வாறு பேசியிருக்க மாட்டார் என்று ரெட்டி பதிலளித்தார். ஓய்வு பெற்ற நீதிபதிகளும் இரு அணிகளாகப் பிரிந்து அறிக்கை வெளியிட்டனர். செப்டம்பர் 9-ஆம் தேதி வாக்குகள் எண்ணப்பட்டன. ராதாகிருஷ்ணனுக்கு 452, ரெட்டிக்கு 300. தேர்தலோடு விவாதமும் அடங்கிப் போயிற்று. அவ்வாறு அடங்கியிருக்கக் கூடாது.

ஏனெனில், அந்தத் தீர்ப்பு கேட்ட கேள்வி ஒரு நீதிபதியைப் பற்றியதோ, ஒரு கட்சியைப் பற்றியதோ அல்ல. காவல் துறையைச் சேராத குடிமக்களில் ஒரு பிரிவினரிடம் அரசே துப்பாக்கியைக் கொடுத்து, மற்றொரு பிரிவினருக்கு எதிராக அனுப்பலாமா? அனுப்பினால், வேலை முடிந்த பிறகு அந்தத் துப்பாக்கியை எப்படித் திரும்பப் பெறுவது?

உரிமை அல்ல, உரிமம்: அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பது அரசியல் சாசன உரிமை. இந்தியாவில் அப்படி இல்லை. ஆனால், அப்படி ஆகியிருக்கவும் கூடும் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது 1878-இல் கொண்டு வரப்பட்ட ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய அச்சட்டத்தை பிரிட்டிஷ் ஆட்சியின் மிகக் கொடிய செயல்களில் ஒன்றாகக் காந்தியடிகளே சாடியிருக்கிறார். அகிம்சையைப் போதித்தவர் இதைச் சொன்னார் என்பது இன்று வியப்பளிக்கலாம். அன்று அது நிற பேதத்துக்கு எதிரான கோபம். 1928-இல் மோதிலால் நேரு குழுவின் அறிக்கையும், 1931-இல் காங்கிரஸின் கராச்சித் தீர்மானமும், ஒழுங்குமுறைகளுக்கு உள்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமக்களின் உரிமைகளில் ஒன்றாகவே பட்டியலிட்டன.

1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஹெச்.வி. காமத் இதை நினைவூட்டி, ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சாசனத்தில் சேர்க்கத் திருத்தம் கொண்டு வந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. அந்நிய ஆட்சியில் எழுந்த கோரிக்கை வேறு, சுதந்திர நாட்டின் நிலைமை வேறு என்றார். நெருக்கடி நேரத்தில் ஆயுதம் ஏந்துவது குடிமகனின் கடமையாக இருக்கலாமே ஒழிய, எல்லோருக்கும் உரியதோர் உரிமையாக இருக்க முடியாது என்பது அவரது வாதம். ஆகவே, சாசனத்தின் 19-ஆவது பிரிவில் ஆயுதம் என்ற சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது: குடிமக்கள் அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடலாம் என்று.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இதே வழியில் நடக்கிறது. 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக் கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. ஒன்று போதும் என்றுதான் மசோதா முதலில் சொன்னது. எதிர்ப்புக்குப் பின் இரண்டாயிற்று. 2023 பிப்ரவரியில் உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில், உரிமமில்லாத துப்பாக்கிகளின் பெருக்கத்தைக் கண்டு கவலை தெரிவித்த உச்ச நீதிமன்றம், இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமை அல்ல என்பதை மீண்டும் சுட்டிக்காட்டியது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கும் நாட்டில்தான், ஆபத்து என்று தோன்றியபோதெல்லாம் அரசுகள் தாமே முன்வந்து சிலருக்கு மட்டும் துப்பாக்கியை வழங்கி வந்துள்ளன.

பஸ்தரில் நடந்தது: சத்தீஸ்கரின் தந்தேவாடா, பிஜாப்பூர் பகுதிகளில் 2005-இல் 'சல்வா ஜுடும்' தொடங்கியது. மாவோயிஸ்ட்களுக்கு எதிராகப் பழங்குடி மக்களே தாமாகக் கிளர்ந்தெழுந்த இயக்கம் என்று அரசு சொன்னது. முன்னின்று நடத்தியவர் அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த காங்கிரஸின் மகேந்திர கர்மா. ஆதரவளித்தவர் பாரதிய ஜனதா முதல்வர் ரமண் சிங். மத்தியில் இருந்தது மன்மோகன் சிங் அரசு. எனவே, இதில் எந்தப் பெரிய கட்சியும் இன்னொன்றைக் கைகாட்டித் தப்பிக்க இயலாது. கிராமங்கள் காலியாயின. பல்லாயிரம் பேர் சாலையோர முகாம்களுக்குக் கொண்டு வரப்பட்டனர். மேலும் பலர் எல்லை தாண்டி ஆந்திரத்தின் கம்மம் காடுகளுக்கு ஓடினர்.

இந்த இயக்கத்திலிருந்தும் முகாம்களிலிருந்தும் இளைஞர்கள் 'சிறப்புக் காவல் அதிகாரிகள்' ஆக நியமிக்கப்பட்டனர். அதிகாரி என்ற சொல்தான் பெரிது. மாத மதிப்பூதியம் முதலில் 1,500 ரூபாய், பின்னர் 3,000 ரூபாய். அதில் 80 சதவீதத்தை மத்திய அரசு அளித்தது. ஐந்தாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும். அதற்கும் முன்னுரிமைதான் தரப்பட்டது. இரண்டு மாதப் பயிற்சிக்குப் பின் கையில் துப்பாக்கி. 2007 மார்ச்சில் ராணி போத்லி காவல் முகாமை மாவோயிஸ்ட்கள் தாக்கியபோது இறந்த 55 பேரில் 39 பேர் இத்தகைய இளைஞர்கள்.

சமூகவியல் பேராசிரியர் நந்தினி சுந்தர், வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா, முன்னாள் மத்திய அரசுச் செயலர் இ.ஏ.எஸ். சர்மா ஆகியோர் தொடுத்த வழக்கில் 2011 ஜூலை 5-ஆம் தேதி நீதிபதிகள் சுதர்சன் ரெட்டி, எஸ்.எஸ். நிஜ்ஜார் ஆகியோர் தீர்ப்பளித்தனர். அரசு தன் தரப்பில் சொன்ன வாதமே அதற்குப் பாதகமாக முடிந்தது. உள்ளூர் இளைஞர்களுக்குக் காடு தெரியும், மொழி தெரியும், மாவோயிஸ்ட் யார் என்று அடையாளம் காட்டத் தெரியும். அவர்களில் பலர் மாவோயிஸ்ட்களால் உறவினரை இழந்தவர்கள் என்று அரசு வாதிட்டது. பழிவாங்கும் உணர்ச்சியில் இருக்கும், படிப்பறிவு குறைந்த இளைஞனை முன்வரிசையில் நிறுத்துவது, அவனைப் பலியாக்குவதற்குச் சமம் என்று நீதிபதிகள் கருதினர். சட்டப்படி எப்போது சுடலாம், எப்போது சுடக் கூடாது என்பதை அவனால் எப்படிப் பகுத்தறிய முடியும் என்றும் கேட்டனர். ஒழுங்கீனம், கடமை தவறல் ஆகிய காரணங்களால் 1,200 பேரைப் பணிநீக்கம் செய்ததாக அரசே கூறியிருந்தது. மொத்தம் இருந்தவர்களே 6,500 பேர்தான். தீர்ப்புக்கு முந்தைய ஆண்டில் அந்த எண்ணிக்கை 3,000.

தீர்ப்பின் மிக முக்கியமான பகுதி இதற்குப் பிறகு வருகிறது. மேடைகளில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நியமனம் முடிந்தபின் துப்பாக்கியைத் திரும்பப் பெற என்ன ஏற்பாடு என்று நீதிபதிகள் கேட்டனர். மாவோயிஸ்ட்களின் பட்டியலில் பெயர் ஏறிவிட்ட இளைஞன் உயிருக்கு அஞ்சித் துப்பாக்கியைத் தர மறுப்பான். மறுத்தால் அவனே சட்ட விரோதி ஆவான். தந்தால் பாதுகாப்பற்றவன் ஆவான். இதற்கு அரசிடம் விடை இல்லை. மாவோயிஸ்ட் எதிர்ப்புப் பணிகளில் இவர்களைப் பயன்படுத்தக் கூடாது, துப்பாக்கிகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று உத்தரவிட்ட நீதிமன்றம், ஆயுதத்தை ஒப்படைப்பவர்களின் உயிரைக் காக்கும் பொறுப்பையும் மாநில அரசின்மீது சுமத்தியது. அதே ஆண்டு நவம்பரில், இந்த உத்தரவு சத்தீஸ்கருக்கு மட்டுமே பொருந்தும் என்று தெளிவுபடுத்தப்பட்டது.

சத்தீஸ்கர் அரசு துப்பாக்கியைத் திரும்பப் பெறும் சிக்கலை வேறு வழியில் தீர்த்துக் கொண்டது. சில வாரங்களிலேயே அவசரச் சட்டம் பிறப்பித்து, 'துணை ஆயுதக் காவல் படை' என்ற பெயரில் பழைய இளைஞர்களைச் சேர்த்துக் கொண்டது. நீதிமன்ற அவமதிப்பு என்று 2012-இல் தொடரப்பட்ட மனு 2025 மே மாதம் வரை நிலுவையில் இருந்து, சட்டமன்றம் சட்டம் இயற்றுவது அவமதிப்பு ஆகாது என்ற முடிவுடன் பைசல் செய்யப்பட்டது. உள்ளூர் இளைஞர்களையும் சரணடைந்த மாவோயிஸ்ட்களையும் கொண்ட மாவட்ட ரிசர்வ் காவல் படை, அதே மே மாதம் நாராயண்பூர் காடுகளில் மாவோயிஸ்ட் பொதுச் செயலர் பசவராஜுவைக் கொன்றது. ரெட்டியின் தீர்ப்பு நக்சல் ஒழிப்பைத் தடுத்துவிட்டது என்ற குற்றச்சாட்டு எந்த அளவுக்கு நிற்கும் என்பதை இதிலிருந்தே வாசகர்கள் அளந்து கொள்ளலாம். பழைய முறையோடு ஒப்பிட்டால் இப்படையினர் முறையான காவலர்கள் என்பது பெரிய முன்னேற்றம். ஆனால், 2025 ஜனவரியில் பிஜாப்பூர் மாவட்டத்தில் கண்ணிவெடியில் பலியான அப்படையின் எட்டு வீரர்களில் ஐவர் முன்னாள் மாவோயிஸ்ட்கள். அன்றும் இன்றும் முன்வரிசையில் நிற்பவர் பஸ்தரின் பழங்குடி இளைஞர்தான்.

ஜம்முவின் மறுபக்கம்: இதைக் கொண்டு, கிராமத்தார் கையில் துப்பாக்கியே கூடாது என்று தில்லியில் அமர்ந்து எழுதிவிடுவது எளிது. ஜம்முவின் மலைக் கிராமங்கள் அப்படி எழுதவிடாது. 1993-இல் கிஷ்த்வார் அருகே பேருந்துப் பயணிகள் படுகொலை செய்யப்பட்டதற்குப் பின், தோடா, ரஜௌரி போன்ற பகுதிகளில் 1995 முதல் கிராமப் பாதுகாப்புக் குழுக்கள் அமைக்கப்பட்டன. காவல் நிலையம் பல மணி நேர நடைத் தொலைவில் இருக்கும் கிராமத்துக்குப் பழைய பாயிண்ட் 303 துப்பாக்கிகூடத் துணைதான். 2023 ஜனவரி முதல் தேதி மாலை ரஜௌரியின் டாங்க்ரி கிராமத்தில் பயங்கரவாதிகள் வீடு வீடாகச் சுட்டபோது, பழைய குழு உறுப்பினர் ஒருவர் திருப்பிச் சுட்டதால்தான் அவர்கள் ஓடினர். அப்படியும் அத்தாக்குதலிலும் மறுநாள் குண்டுவெடிப்பிலுமாக ஏழு பேர் உயிரிழந்தனர். முன்பு கொடுத்த துப்பாக்கிகளைக் காவல் துறை திரும்ப வாங்கிக் கொண்டதே இதற்குக் காரணம் என்று கிராமத்தினர் கொதித்தனர்.

அங்கும் குறைகள் உண்டு. குழு உறுப்பினர்கள்மீது குற்ற வழக்குகள் பதிவாகியுள்ளன. ஆனால், ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. ஜம்முவில் துப்பாக்கி பெற்றவர் தன் கிராமத்தைக் காக்க நின்றார். பஸ்தரில் பெற்றவர் அடுத்த கிராமத்தைத் தேடிச் செல்ல அனுப்பப்பட்டார். 2022-இல் இக்குழுக்கள் கிராமப் பாதுகாப்புக் காவலர் திட்டமாக மாற்றப்பட்டு, மாதம் 4,000 முதல் 4,500 ரூபாய் வரை மதிப்பூதியம் நிர்ணயிக்கப்பட்டது. 2024 நவம்பரில் கிஷ்த்வார் காட்டில் கால்நடை மேய்க்கச் சென்ற இரு காவலர்கள் கடத்திக் கொல்லப்பட்டனர். ஒருவர் முஸ்லிம், மற்றவர் ஹிந்து.

மணிப்பூரின் கணக்கு: அரசு கொடுக்காமலேயே அரசின் துப்பாக்கிகள் மக்கள் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை மணிப்பூர் காட்டியது. 2016 இறுதி நிலவரப்படி ஏழு கோடி மக்களுக்கு மேல் வாழும் தமிழகத்தில் இருந்த துப்பாக்கி உரிமங்கள் 22,532. முப்பது லட்சம் பேர்கூட இல்லாத மணிப்பூரில் 26,836. அது உரிமம் பெற்றவற்றின் கணக்கு மட்டுமே. 2023 மே 3-இல் மைதேயி - குகி மோதல் வெடித்த பின் காவல் நிலையங்களிலும் ஆயுதக் கிடங்குகளிலும் கொள்ளையடிக்கப்பட்டவை சுமார் 6,000. இரு தரப்பிலும் 'கிராமத் தொண்டர்கள்' பதுங்கு குழி அமைத்து நின்றனர். 2024 ஜனவரியில் ஆரம்பாய் தெங்கோல் என்ற ஆயுதக் குழு அழைத்ததும் சட்டப்பேரவை உறுப்பினர்கள் இம்பாலின் காங்லா கோட்டைக்குச் சென்று உறுதிமொழி ஏற்றனர். யார் யாரைக் கட்டுப்படுத்தினர் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. 2025 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்த பிறகு ஆளுநர் அஜய் குமார் பல்லா விடுத்த கெடுவுக்குள், பின்னர் நீட்டிக்கப்பட்ட நாள்களையும் சேர்த்து, ஒப்படைக்கப்பட்டவை ஏறத்தாழ ஆயிரம்.

இப்போது அஸ்ஸாம்: 2025 மே 28-ஆம் தேதி முதல்வர் ஹிமந்த விஸ்வ சர்மாவின் அமைச்சரவை, துப்ரி, பார்பேட்டா, நகாவ்ன் உள்ளிட்ட மாவட்டங்களில் பாதிப்புக்குள்ளாகக் கூடிய பகுதிகளில் வசிக்கும் பூர்வகுடி மக்களுக்குத் துப்பாக்கி உரிமம் வழங்கும் சிறப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இவை வங்க மொழி பேசும் முஸ்லிம்கள் மிகுந்த பகுதிகள். சிறுபான்மையாகிவிட்ட பூர்வகுடிகளின் நெடுநாள் கோரிக்கை இது என்கிறது அரசு. வன்முறைக்கு வித்திடும் செயல் என்று காங்கிரஸ் எதிர்த்தது.

அஸ்ஸாமுக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. தொண்ணூறுகளில் சரணடைந்த உல்ஃபா தீவிரவாதிகள் தற்காப்புக்கென்று ஆயுதங்களை வைத்துக் கொள்ள அனுமதிக்கப்பட்டனர். 1998 முதல் 2001 வரை உல்ஃபாவினரின் உறவினர்கள் இரவு நேரத்தில் வீடு புகுந்து கொல்லப்பட்ட 'ரகசியக் கொலை'களில் அவர்கள் பயன்படுத்தப்பட்டதாக நீதிபதி கே.என். சைகியா ஆணையம் கூறியது. அதன் அறிக்கை 2007-இல் பேரவையில் வைக்கப்பட்டது. அந்த ஆணையம் அமைக்கப்பட்ட முறையே செல்லாது என்று 2018-இல் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

புதிய திட்டத்தில் அரசு துப்பாக்கி தருவதில்லை, உரிமம் மட்டுமே. துப்பாக்கியை விண்ணப்பதாரரே தன் பணத்தில் வாங்கிக் கொள்ள வேண்டும். மதிப்பூதியம் இல்லை, காவலர் என்ற பெயரும் இல்லை. ஜம்முவில் உள்ளதுபோல் காவல் துறைக் கண்காணிப்பாளரின் கீழ் இயங்கும் குழு எதுவும் இதில் அமைக்கப்படவில்லை. விண்ணப்பிக்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், குற்றப் பின்னணி இருக்கக் கூடாது, பூர்வகுடியாக இருக்க வேண்டும். அதே சாலையில் அடுத்த கிராமத்தில் குடியிருந்து, பூர்வகுடி என்ற வரையறைக்குள் வராதவர், அவரும் அச்சத்தில் இருந்தாலும், 1959-ஆம் ஆண்டின் பொதுச் சட்டப்படிதான் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும்.