மூஸ் (பாவனையாக்க மென்பொருள்)

மூஸ் என்பது நரம்பணுக்களின் மின்செயற்பாட்டையும், உயிரணுக்களுள் நிகழும் வேதி வினைகளையும் கணினியில் பாவனை செய்து பார்க்க உதவும் ஒரு கட்டற்ற மென்பொருள் ஆகும். இதன் முழுப்பெயரைத் தமிழில் 'பன்மட்டப் பொருள்நோக்குப் பாவனையாக்கச் சூழல்' எனலாம். பெங்களூரில் அமைந்துள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் உபிந்தர் பல்லாவின் ஆய்வுக்குழு இதனை உருவாக்கிப் பேணி வருகிறது. இதன் உட்கரு சி++ மொழியிலும், பயனர் எழுதும் நிரல்கள் பைத்தான் மொழியிலும் அமைந்தவை. மென்பொருளுடன் பெருந்தொகையான எடுத்துக்காட்டு நிரல்களும் வழங்கப்படுகின்றன. புதிதாகக் கற்போர் பெரும்பாலும் இவற்றை இயக்கிப் பார்த்தே இத்துறைக்குள் நுழைகின்றனர். ஆதலால் அவற்றை இயக்கும் முறையும், கிடைக்கும் வரைபடத்தை எவ்வளவு நம்பலாம் என்பதும் இக்கட்டுரையில் சற்று விரிவாகத் தரப்பட்டுள்ளன.

வரலாறு

1980களின் இறுதியில் அமெரிக்காவின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் சேம்சு போவரின் ஆய்வுக்கூடத்தில் ஜெனிசிஸ் என்ற நரம்பியல் பாவனையாக்கி உருவாயிற்று. அங்கு முனைவர் பட்ட ஆய்வு செய்த பல்லா அதன் உருவாக்கத்தில் பங்குகொண்டார். பின்னர் வேதி வினைகளையும் அதே சூழலில் பாவனை செய்ய 'கைனெட்டிகிட்' என்ற இடைமுகத்தை அவர் உருவாக்கினார். 1999 ஆம் ஆண்டு பல்லாவும் ரவி ஐயங்காரும் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தனித்தனியே எளிமையான சமிக்ஞைப் பாதைகள் ஒன்றோடொன்று பிணையும்போது, தூண்டல் நின்ற பின்னும் நீடிக்கும் செயற்பாடு போன்ற புதிய பண்புகள் தோன்றக்கூடும் என்பதை அக்கட்டுரை பாவனையாக்கத்தின் வழி காட்டியது.

ஜெனிசிஸ் சி மொழியில் எழுதப்பட்டது. அதற்கெனத் தனியான கட்டளை மொழி ஒன்றும் இருந்தது. அதன் கருத்துகளைச் சி++ மொழியில் புதிதாக எழுதும் முயற்சியாக மூஸ் தொடங்கியது. அதற்குப் பைத்தான் இடைமுகம் அமைத்தது பற்றிய ஆய்வுக்கட்டுரை 2008 இல் வெளிவந்தது. இம்மென்பொருளின் வெளியீடுகளுக்கு இந்திய இனிப்புகளின் பெயர்களைச் சூட்டுவது வழக்கம். சம்சம், ஜலேபி, ஜாங்கிரி ஆகியன அவற்றுட் சில.

நரம்பணுப் பாவனையாக்கத்தில் பெரிதும் பயன்படும் மற்றொரு மென்பொருள் நியூரான் ஆகும். இது டியூக், யேல் பல்கலைக்கழகங்களில் மைக்கேல் ஐன்சு முதலானோரால் வளர்த்தெடுக்கப்பட்டது. மூஸ், மின்செயற்பாட்டையும் வேதிவினைகளையும் ஒரே மாதிரியுள் இணைப்பதைத் தொடக்கம் முதலே நோக்கமாகக் கொண்டது.

ஏன் பன்மட்டம்?

நரம்பணுவின் ஒரு மின்துடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிநொடியில் முடிந்துவிடும். ஆனால் அத்துடிப்புகள் தூண்டும் நொதி வினைகள் நொடிகளிலிருந்து மணிநேரங்கள் வரை நீடிக்கும். நினைவு பதிதல் போன்ற நிகழ்வுகளில் இவ்விரண்டும் ஒன்றையொன்று பாதிக்கின்றன: மின்துடிப்பினால் கால்சியம் உள்ளே வருகிறது, கால்சியம் நொதிகளைத் தூண்டுகிறது, நொதிகள் அயனி வாய்க்கால்களை மாற்றுகின்றன, மாறிய வாய்க்கால்கள் அடுத்த துடிப்பை மாற்றுகின்றன. மின்செயற்பாட்டுக்குத் தேவையான நுண்ணிய நேரப்படியிலேயே வேதிவினைகளையும் கணித்தால் கணினி நேரம் வீணாகும். வேதிவினைகளுக்குப் போதுமான பெரிய நேரப்படியில் மின்துடிப்பைக் கணித்தால் துடிப்பே தவறிப்போகும். மூஸ் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் தனித்தனிக் கடிகாரம் வைத்து இச்சிக்கலைத் தீர்க்கிறது.

மாதிரியின் அமைப்பு

மூஸில் ஒரு மாதிரி, கணினியின் கோப்பு அடைவுகளைப் போன்ற ஒரு மரமாக அமைகிறது. வேரின் கீழ் 'மாதிரி' என்ற கிளை, அதன் கீழ் 'உயிரணு உடல்', அதன் கீழ் 'சோடியம் வாய்க்கால்' என ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முகவரி உண்டு. முக்கியமான பொருள்வகைகள் பின்வருமாறு:

* பகுதி - நரம்பணுவின் ஒரு துண்டு. இதற்கு மென்படலத் தடை, கொண்மம், ஓய்வு மின்னழுத்தம் ஆகிய பண்புகள் உண்டு.
* வாய்க்கால் - மின்னழுத்தத்தைப் பொறுத்துத் திறந்து மூடும் அயனி வழி.
* திரள் - ஒருவகை மூலக்கூறுகளின் தொகுதி. இதன் செறிவையோ எண்ணிக்கையையோ கேட்டுப் பெறலாம்.
* வினை, நொதி - திரள்களை ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றுபவை.
* அட்டவணை - பாவனையின்போது ஒரு மதிப்பைத் தொடர்ந்து பதிவு செய்வது.

எடுத்துக்காட்டு நிரல் ஒன்றைத் திறந்து பார்த்தால் ஐந்து படிகளைக் காணலாம். முதலில் பொருள்கள் உருவாக்கப்படும். அடுத்து அவை செய்திகளால் இணைக்கப்படும். மூன்றாவதாகக் கடிகாரங்களின் நேரப்படி குறிக்கப்படும். நான்காவதாக 'ரீஇனிட்' என்ற கட்டளை எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும். இறுதியாக 'ஸ்டார்ட்' என்ற கட்டளை குறித்த நேரம் வரை பாவனையை ஓட்டும். அதன் பின்னர் அட்டவணையில் உள்ள எண்கள் வரைபடமாக்கப்படும். நீண்ட நிரல்களும் பெரும்பாலும் இவ்வரிசையையே பின்பற்றுவதால், ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவற்றைப் படிப்பது எளிது.

நிரல்களை இயக்குதல்

பைத்தானின் 'பிப்' என்னும் பொதி நிறுவியைக் கொண்டு 'பைமூஸ்' என்ற பொதியை நிறுவலாம். எடுத்துக்காட்டுகள் தனிக் களஞ்சியமாக வழங்கப்படுவதால் அவற்றைத் தனியே பதிவிறக்க வேண்டும். வரைபடங்களுக்கு 'மேட்பிளாட்லிப்' நிரலகமும் தேவை.

தொடக்கநிலைப் பயனர் எதிர்கொள்ளும் தடைகள் பெரும்பாலும் பின்வரும் வகையின:

1. கோப்பு கிடைக்கவில்லை என்ற செய்தி: பல நிரல்கள் வேறு அடைவில் உள்ள மாதிரிக் கோப்பைத் தம் இருப்பிடத்தைக் கொண்டே தேடுகின்றன. நிரல் இருக்கும் அடைவுக்குள் சென்று இயக்கினால் இச்சிக்கல் தீரும்.
2. நிரலகம் இல்லை என்ற செய்தி: ஒரே கணினியில் பல பைத்தான் பதிப்புகள் இருக்கலாம். பொதி ஒன்றில் நிறுவப்பட்டு, நிரல் மற்றொன்றில் இயக்கப்பட்டிருக்கும்.
3. பழைய பைத்தான் நடை: பைத்தான் 2 இன் ஆதரவு 2020 சனவரி 1 உடன் முடிவுக்கு வந்தது. அதில் எழுதப்பட்ட நிரல்கள் பைத்தான் 3 இல் அச்சிடும் கட்டளையிலேயே நின்றுவிடும்.

மூன்றாவது வகையில் ஒரு மறைவான ஆபத்தும் உண்டு. பைத்தான் 2 இல் 1 ஐ 2 ஆல் வகுத்தால் விடை 0. பைத்தான் 3 இல் 0.5. அச்சுக் கட்டளையை மட்டும் திருத்தி ஓடவைத்த நிரல், பிழைச்செய்தி எதுவுமின்றி வேறு விடையைத் தரக்கூடும். நின்றுபோகும் நிரல் தன் பிழையைத் தானே சொல்லிவிடுகிறது. ஓடி முடியும் தவறான நிரலோ அழகான வரைபடத்தைத் தந்து ஏமாற்றிவிடும்.

மின்செயற்பாடு: கணவாயின் நரம்பிழை

எடுத்துக்காட்டுகளுள் பலரும் முதலில் இயக்குவது கணவாயின் பெரு நரம்பிழை பற்றிய செய்முறை விளக்கம் ஆகும். ஆலன் ஆட்ச்கின், ஆன்ட்ரூ அக்சிலி இருவரும் 1952 இல் வெளியிட்ட மாதிரி இதன் அடிப்படை. இப்பணிக்காக அவர்களுக்கு 1963 ஆம் ஆண்டு நோபல் பரிசு (ஜான் எக்கில்சுடன் பகிர்ந்து) வழங்கப்பட்டது. அக்சிலி அன்று கைச்சுழற்றிக் கணிப்பானில் பல நாட்கள் உழைத்துக் கண்ட விடையை இன்று மாணவர் கணப்பொழுதில் பெறுகிறார்.

மாதிரியில் மென்படலம் சதுர சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோபாரட் கொண்மம் உடையது. உயர்ந்தபட்சக் கடத்துதிறன் சதுர சென்டிமீட்டருக்குச் சோடியத்துக்கு 120, பொட்டாசியத்துக்கு 36, கசிவுக்கு 0.3 மில்லிசீமன் ஆகும். வெப்பநிலை 6.3 பாகை செல்சியசு. சதுர சென்டிமீட்டருக்கு 10 மைக்ரோஆம்பியர் நிலையான மின்னோட்டம் செலுத்தினால் ஏறத்தாழ 15 மில்லிநொடிக்கு ஒரு துடிப்பு எழும். அதாவது 100 மில்லிநொடியில் ஏறத்தாழ 7 துடிப்புகள். மாணவர் தம் நிரலைச் சரிபார்க்க இவ்வெண் நல்லதோர் அளவுகோல்.

நேரப்படியை 0.01 மில்லிநொடி என வைப்பது பாதுகாப்பானது. சோடியம் வாய்க்காலின் விரைவான வாயில் ஓய்வு நிலையில் ஏறத்தாழ 0.24 மில்லிநொடி நேர மாறிலியுடன் இயங்குகிறது; துடிப்பின்போது அது மேலும் விரைவாகும். நேரப்படி இதனை நெருங்கினால் துடிப்பின் வடிவமும் எண்ணிக்கையும் மாறும். மூஸ் கையாளும் அடுக்குக்குறி ஆய்லர் முறை, சாதாரண ஆய்லர் முறையைப் போல எளிதில் கட்டுக்கடங்காத எண்களைத் தருவதில்லை. இது ஒரு வசதி, எனினும் பிழையை மறைத்தும்விடுகிறது: கோடு ஒழுங்காகவே தோன்றும், ஆயினும் சரியாக இராது.

அலகுகள்

மூஸ் எங்கும் அனைத்துலக அலகுகளையே பயன்படுத்துகிறது. நியூரான் மென்பொருள் மில்லிவோல்ட், மில்லிநொடி, நானோஆம்பியர், மைக்ரோமீட்டர் ஆகியவற்றைப் பயன்படுத்துகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எண்களைப் படியெடுப்போர் அடிக்கடி தவறுவது இங்கேதான்.

எடுத்துக்காட்டாக, 500 மைக்ரோமீட்டர் நீளமும் அதே அளவு விட்டமும் உள்ள உருளையின் வளைபரப்பு ஏறத்தாழ 0.00785 சதுர சென்டிமீட்டர். மேற்கூறிய மின்னோட்ட அடர்த்திக்கு 78.5 நானோஆம்பியர் செலுத்த வேண்டும். நியூரானில் 78.5 என எழுதலாம். மூஸில் அதே எண்ணை எழுதினால் 78.5 ஆம்பியர் பாய்ந்துவிடும்! இத்தகைய பெரும்பிழை உடனே கண்ணில் படும். வேதி மாதிரிகளில் நிலைமை வேறு. ஒரு கன மீட்டருக்கு 1 மோல் என்பது 1 மில்லிமோலார் செறிவுக்குச் சமம். 1 மைக்ரோமோலார் என எண்ணி 1 என்று எழுதினால் செறிவு ஆயிரம் மடங்காகும். வினை அப்போதும் ஓடும், வரைபடமும் வரும்.

வேதிவினைகள்

வேதி எடுத்துக்காட்டுகளுள் ஒன்று போரிசு கோலோடென்கோ 2000 இல் வெளியிட்ட மேப் கைனேசு நொதித்தொடர் மாதிரி ஆகும். இதில் தொடரின் கடைசி நொதி முதற்படியைத் தடுக்கிறது. இந்த எதிர்ப் பின்னூட்டத்தால் செறிவுகள் ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு ஒருமுறை ஏறி இறங்குகின்றன. ஆகவே சில நூறு நொடிகள் மட்டும் ஓட்டிவிட்டு அலைவு இல்லை என முடிவு செய்யக்கூடாது. இது போன்ற பழைய ஜெனிசிஸ் கோப்புகளை மூஸ் நேரடியாகப் படிக்கவல்லது.

ஒரே மாதிரியை இருவகையாகத் தீர்க்கலாம். அறுதி முறையில் செறிவுகள் வகையீட்டுச் சமன்பாடுகளால் கணிக்கப்படுகின்றன. எத்தனை முறை ஓட்டினாலும் விடை ஒன்றே. வாய்ப்பியல் முறையில், டேனியல் கில்லெசுப்பி 1970களில் வகுத்த வழிப்படி, ஒவ்வொரு வினை நிகழ்வும் தற்போக்காகத் தெரிவு செய்யப்படுகிறது.

எம்முறை பொருந்தும் என்பதைக் கனவளவு தீர்மானிக்கிறது. நரம்பிணைப்பு அமைந்துள்ள கிளையிழை முள்ளின் கனவளவை 0.1 கன மைக்ரோமீட்டர் எனக் கொள்வோம். அதில் 1 மைக்ரோமோலார் செறிவு என்பது வெறும் 60 மூலக்கூறுகளே. அவ்வெண்ணிக்கை தற்செயலாக ஏறத்தாழ 8 கூடவோ குறையவோ செய்யும். இது 13 விழுக்காடு. இரு நிலையான நிலைகளைக் கொண்ட வினைத்தொகுதி ஒன்றைப் பல கனவளவுகளில் ஓட்டிக்காட்டும் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்குகிறது. பெரிய கனவளவில் தொகுதி தன் நிலையிலேயே நிற்கிறது. கனவளவு குறையக் குறைய அது தானாகவே ஒரு நிலையிலிருந்து மற்றதற்குத் தாவுகிறது. நினைவு இத்தகைய வேதி நிலைமாற்றியில் சேமிக்கப்படுகிறது என்று கருதினால், இவ்வளவு சிறிய இடத்தில் அது எவ்வாறு அழியாது நிற்கிறது என்ற கேள்வி எழுகிறது. அறுதி முறையில் மட்டும் ஓட்டியவருக்கு இக்கேள்வியே தோன்றாது.

விடையைச் சரிபார்த்தல்

நிரல் பிழையின்றி ஓடியது என்பது மட்டுமே விடை சரி என்பதற்குச் சான்றாகாது. பின்வரும் சோதனைகள் எளியவை:

* நேரப்படியைப் பாதியாக்கி மீண்டும் ஓட்டுதல். வரைபடம் குறிப்பிடத்தக்க அளவு மாறினால் முதல் நேரப்படி மிகப் பெரியது.
* தூண்டல் எதுவும் தராமல் ஓட்டுதல். நரம்பணு ஓய்வு மின்னழுத்தத்தில் நிற்க வேண்டும்.
* மூடிய வேதித்தொகுதியில், ஒரு மூலக்கூறின் எல்லா வடிவங்களையும் கூட்டிப் பார்த்தல். கூட்டுத்தொகை மாறக்கூடாது.
* வாய்ப்பியல் முறையில் பலமுறை ஓட்டுதல். ஒரே ஓட்டத்தைக் கொண்டு முடிவு செய்யலாகாது. தற்போக்கு எண்களின் தொடக்க வித்தைக் குறித்து வைத்தால் அதே ஓட்டத்தை மீண்டும் பெறலாம்.
* மென்பொருள், பைத்தான் ஆகியவற்றின் பதிப்பு எண்களைக் குறித்து வைத்தல்.

எடுத்துக்காட்டு நிரலை மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒரு மதிப்பை மட்டும் மாற்றுவது நன்று. ஓட்டுவதற்கு முன் என்ன நிகழும் என எழுதி வைத்துவிட்டுப் பின்னர் வரைபடத்தைப் பார்த்தால், எதிர்பார்ப்புக்கும் விடைக்கும் உள்ள இடைவெளி தெரியவரும். அவ்விடைவெளி நிரலின் பிழையாகவோ அல்லது உயிரணுவைப் பற்றிய புதிய செய்தியாகவோ இருக்கலாம். அவற்றுள் எது என்பதைப் பிரித்தறிய மேற்கண்ட சோதனைகள் உதவும்.

இவற்றையும் பார்க்க

* நரம்பணு
* செயல் மின்னழுத்தம்
* நொதி
* வகையீட்டுச் சமன்பாடு
* பைத்தான்
* கட்டற்ற மென்பொருள்