தூக்கிப் போடாதீர்கள் – 9: ஹவாய்த் தீவிலிருந்து கிள்ளான் வரை

போன வாரம் பழைய மடிக்கணினியின் பேட்டரியைச் சோதித்தோம். விட்டவர்கள் சென்ற இதழைத் தேடிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் விண்டோஸ் எக்ஸ்பி கணினிக்குள் முடங்கிக் கிடக்கும், முரசு அஞ்சல் மென்பொருள் காலத்துத் தமிழ்க் கோப்புகளை மீட்கலாம் என்று சொல்லியிருந்தேன். மீட்க வேண்டுமானால் கணினி முதலில் வீட்டு இணைப்பில் சேர வேண்டும். அங்கேதான் வழக்கு. கிள்ளானில் இருந்தும் பிரிக்பீல்ட்ஸில் இருந்தும் ஒரே புலம்பல்: "அண்ணே, புது ரவுட்டர் மாட்டுனதுல இருந்து பழைய லேப்டாப்புக்கு வைஃபையே கிடைக்கலலா. தூக்கிப் போட்டுறவா?"

இந்தத் தொடரின் தலைப்பையே படிக்காதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள்!

கணினி கெடவில்லை. பெரும்பாலும் காரணம் பூட்டு. புது ரவுட்டர்கள் சில, 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 பாதுகாப்பை மட்டுமே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எக்ஸ்பிக்கு அது தெரியாது. டபிள்யூ.பி.ஏ.2 கூட 2008-இல் வந்த மூன்றாவது சர்வீஸ் பேக்கோடுதான் முழுசாகச் சேர்ந்தது. அடுத்தது அலைவரிசை. பழைய மடிக்கணினிகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் காதில் விழும். 5 கிகாஹெர்ட்ஸில் யார் கத்தினாலும் கேட்காது. இன்னொரு வேடிக்கை: மலேசியாவில் 2.4-இல் 13-ஆம் சேனல் வரை அனுமதி உண்டு, அமெரிக்கச் சந்தைக்குச் செய்த கருவிகளோ பெரும்பாலும் 11-ஓடு நிறுத்திக்கொள்ளும். ரவுட்டர் 12-க்கோ 13-க்கோ போய் உட்கார்ந்தால், அமெரிக்காவில் இருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த மடிக்கணினிக்கு உங்கள் வீட்டு வைஃபை இருப்பதே தெரியாது.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். அதில் உள்ள முகவரியை உலாவியில் தட்டி உள்ளே போய், 2.4-க்குத் தனிப் பெயர், டபிள்யூ.பி.ஏ.2, சேனல் 1, 6, 11-இல் ஏதாவது ஒன்று என்று வைத்துவிட்டால் பாதிப் பேருக்கு வேலை முடிந்தது. 'விருந்தினர் இணைப்பு' என்று தனியாக ஒன்று இருந்தால், பழைய கணினியை அதிலேயே விடுங்கள். வீட்டிலுள்ள மற்ற கருவிகளுக்குப் பாதுகாப்பு. வெப் (WEP) என்ற பழைய பூட்டுக்கு மட்டும் இறங்கிப் போகாதீர்கள். 2001-லேயே அதை உடைத்துக் காட்டிவிட்டார்கள்.

இதையெல்லாம் சரிபார்க்க உட்கார்ந்தவன் வேறெங்கோ போய்விட்டேன். வைஃபையின் பாட்டனார் ஹவாய்க்காரர் என்று உங்களுக்குத் தெரியுமா? பேராசிரியர் நார்மன் ஆபிரம்சன். அலைச்சறுக்கு மோகம் கொண்டவர். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கணினியைப் பிற தீவுகளில் இருந்து பயன்படுத்தத் தொலைபேசிக் கம்பிகளை நம்ப முடியாத காலம். வானொலி அலையிலேயே தகவலை அனுப்புவோம் என்று 1971-இல் 'அலோஹாநெட்'டை ஓடவிட்டார். விதி ரொம்ப எளிது: கையில் தகவல் இருந்தால் அனுப்பு. வந்து சேர்ந்ததாகப் பதில் வரவில்லையா, யாரோடோ மோதியிருக்கிறது. கொஞ்ச நேரம், அதுவும் ஆளுக்கு ஒரு அளவு, பொறுத்திருந்து திரும்ப அனுப்பு. யாரும் யாரையும் மேய்ப்பதில்லை. இப்படிப் பேசினால் அலைவரிசையில் அதிகபட்சம் 18 விழுக்காடுதான் உருப்படியாகப் போகும் என்று கணக்கும் போட்டுக் காட்டினார்கள். ஆனாலும் ஓடியதே!

உங்கள் வீட்டு வைஃபையும் அதே குடும்பம். ஒரே மைக் உள்ள கோயில் கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு கருவியும் முதலில் காது கொடுத்துக் கேட்கும், காலியாக இருந்தால் பேசும். இழுத்து இழுத்துப் பேசுபவர் மைக்கைப் பிடித்தால் மற்றவர் காத்திருக்கத்தானே வேண்டும்? 1999-ஆம் ஆண்டுத் தரத்தில், 11 மெகாபிட் வேகத்தில் பேசும் பழைய கணினி, 1500 பைட் பொட்டலம் ஒன்றை அனுப்ப ஒரு மில்லிவிநாடிக்கு மேல் எடுக்கும். 54 மெகாபிட் கருவிக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். அந்தப் பழசு ஓயாமல் கோப்பு இறக்கினால் 2.4-இல் இருக்கும் எல்லாரும் மெதுவாவார்கள். 'பழசால வீடே ஸ்லோ' என்று பிள்ளைகள் சொல்வது முழுப் பொய் இல்லை.

அதனால் என் தீர்ப்பு: கேபிள்! ஆபிரம்சனின் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் பாப் மெட்காஃப் 1973-இல் கேபிள் வழி ஓடும் ஈதர்நெட்டைக் கற்பனை செய்தார். 1990-இல் வந்த பத்து மெகாபிட் ஈதர்நெட் சாக்கெட்டில் மாட்டிய கம்பியை இன்றைய ரவுட்டரிலும் மாட்டலாம். ரவுட்டர் தானாகவே அறிந்து, ஒத்துவரும் வேகத்தில் சேர்ந்துகொள்ளும். இத்தனை மரியாதை வைஃபையில் கிடையாது. கேபிள் இழுக்க வழியில்லாதவர்கள் லோ யாட் பிளாசாவில் யுஎஸ்பி வைஃபை குச்சி வாங்கலாம். எக்ஸ்பிக்கு டிரைவர் உண்டா என்று கடையிலேயே கேட்டுவிட்டுக் காசை எடுங்கள்.

முரசு கோப்புகள் என்ன ஆயின? இடம் தீர்ந்தது. கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்ததும் எக்ஸ்பி வெளிவந்ததும் ஒரே 2001-இல்தான். அங்கிருந்து அடுத்த வாரம் தொடங்குகிறேன். எக்ஸ்பிக்கான பாதுகாப்பு ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே இணைப்பு கிடைத்த உற்சாகத்தில் அதில் வங்கிக் கணக்கை மட்டும் திறந்துவிடாதீர்கள்.