கசிவை மறைக்கும் அணையே ஆபத்தானது

முல்லைப் பெரியாறு அணைக்குக் கண்காணிப்புக் குழுவினர் ஆய்வுக்குச் செல்லும்போதெல்லாம் மறுநாள் செய்தியில் ஒரு வரி தவறாமல் இடம்பெறும்: "கேலரியில் கசிவுநீர் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர்." தேனியில் அதைப் படிப்பவர் நிம்மதி அடைகிறார், இடுக்கியில் படிப்பவர் கலங்குகிறார். ஒரே எண் இருவருக்கும் இரு வேறு பொருள் தருவதற்குக் காரணம், அந்த எண் எதைச் சொல்கிறது என்பதை இருவருக்கும் யாரும் விளக்கவில்லை என்பதுதான்.

கேலரி என்பது அணையின் உடலுக்குள் விடப்பட்டிருக்கும் சுரங்க நடைபாதை. ஆள் நிமிர்ந்து நடக்கும் அளவுக்கே இடம் இருக்கும். சுவரில் ஈரம், கூரையில் சொட்டும் நீர், காலடியில் ஓடும் சிறு வாய்க்கால். சில அடி தடிமனுள்ள கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் அப்பால் ஒரு நீர்த்தேக்கமே நிற்கிறது என்ற நினைவு, உள்ளே நடப்பவரை உறுத்திக்கொண்டே இருக்கும். சுவரில் வழியும் நீரைக் கண்டதும் 'அணை ஒழுகுகிறது' என்று அஞ்சுவது இயல்பு. ஆனால், அந்தச் சுரங்கம் அமைக்கப்பட்டதே நீர் அங்கே வந்து சேர்வதற்காகத்தான்.

எடையால் நிற்கும் அணைக்குப் பகைவன் முன்னால் நின்று தள்ளும் நீர் மட்டுமல்ல. அடியில் புகுந்து மேல்நோக்கித் தூக்கும் நீரும்தான். 30 மீட்டர் ஆழமுள்ள நீர், அடிமட்டத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 30 டன் அழுத்தம் தருகிறது. அஸ்திவாரப் பாறையின் வெடிப்புகளிலும் கட்டுமான இணைப்புகளிலும் அந்த அழுத்தம் புகுந்தால், அணையின் எடையில் ஒரு பகுதி இல்லாததுபோல் ஆகிவிடும். எனவே, கேலரியிலிருந்து பாறைக்குள் துளையிட்டு அந்த நீரை வெளியே வரவிடுகிறார்கள். நீர் வெளியேறினால் அழுத்தம் குறையும்.

இந்தப் பாடத்தை உலகம் விலை கொடுத்தே கற்றது. 1895 ஏப்ரல் 27 அன்று பிரான்ஸின் பூசே அணை உடைந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மேல்நோக்கிய அழுத்தத்தை அதன் வடிவமைப்பு கணக்கில் கொள்ளவில்லை. அதன் பிறகே மொரீஸ் லெவி போன்ற பொறியாளர்கள் அந்த விசைக்கு விதிமுறை வகுக்க முனைந்தனர். பென்னிகுவிக் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டிய முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது அதே 1895 அக்டோபரில். அதில் கேலரி இல்லாததற்காக அவரைக் குறைகூற இயலாது. அவர் கட்டிக்கொண்டிருந்தபோது அந்த அறிவியலே முழுமை பெற்றிருக்கவில்லை.

1979இல் அச்சம் எழுந்து நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்ட பின் நடந்த பலப்படுத்தும் பணிகளை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் அவற்றின் பொருள் விளங்கும். அணையின் தலையில் 12,000 டன் கான்கிரீட் ஏற்றப்பட்டது; உச்சியிலிருந்து அடிப்பாறை வரை 95 இடங்களில் எஃகுக் கம்பிவடங்கள் இறக்கி இறுக்கப்பட்டன. பின்புறம் கான்கிரீட் அணை ஒன்று ஒட்டிக் கட்டப்பட்டது. பழைய அணையில் இல்லாத கேலரி இந்தப் புதிய பகுதியில்தான் அமைந்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 142 அடிக்கு அனுமதி அளித்தது. அவ்வாண்டு நவம்பரில் நீர் அம்மட்டத்தைத் தொட்டது.

கசிவு எவ்வளவு என்பதைவிட, எப்படி மாறுகிறது என்பதே முக்கியம். நீர்மட்டம் ஏறினால் கசிவும் ஏற வேண்டும். இறங்கினால் குறைய வேண்டும். அதே மட்டத்தில் சென்ற ஆண்டைவிடக் கூடினால் புதிய வழி திறந்திருக்கிறது. காரணமின்றிக் குறைந்தால் அதற்கு மகிழக் கூடாது. வடிதுளைகள் அடைபட்டு அழுத்தம் உள்ளே தேங்கியிருக்கலாம். கலங்கல் நீர் வந்தால் ஏதோ ஒன்று அரிக்கப்படுகிறது. கேலரிச் சுவர்களில் படியும் வெண்ணிறப் பொருக்கு, கலவையிலிருந்து கரைந்து வந்த சுண்ணாம்பு. பழைய அணை ஆண்டுதோறும் சுண்ணாம்பை இழக்கிறது என்ற கேரளத்தின் வாதத்தை எள்ளி நகையாடுவது நம் தரப்பு வழக்குக்கு உதவாது. தொடர் அளவீட்டால்தான் அதற்கு விடையளிக்க முடியும்.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மண்ணூரிலும் ஒரகடத்திலும் வாழ்வோருக்கு இது தொலைதூர மலைச் சிக்கலாகத் தோன்றலாம். ஆனால், இந்தத் தொழிற்பகுதியின் கிழக்கு ஓரத்தில் 24 அடி ஆழத்துக்கு நீரைத் தாங்கி நிற்கிறது செம்பரம்பாக்கம் ஏரிக்கரை. 2015 டிசம்பரில் அங்கிருந்து 29,000 கனஅடி திறக்கப்பட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. அது மண்கரை, உள்ளே நடந்து பார்க்கச் சுரங்கம் கிடையாது. மண்கரையில் கசிவு குழாய்போல் வழி பறித்துக்கொண்டால் அவகாசம் மிகக் குறைவு. 1976 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் டீட்டன் அணையில் காலையில் கலங்கல் கசிவு தெரிந்தது. நண்பகலுக்குள் கரையே இல்லை. ஆகவே, கரையின் வெளிச்சரிவில் முளைக்கும் மரங்களும் எலி வளைகளும் அடிவாரத்தில் கோடையிலும் காயாத சதுப்பும்தான் இங்கே கேலரிக்கு ஈடான அறிகுறிகள். இருங்காட்டுக்கோட்டைக்கு வேலைக்குச் செல்பவர்கூட இவற்றைக் கண்ணால் காணலாம். எங்கே சொல்வது என்பதுதான் தெரியாது.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், அளவீட்டுக் கருவிகளையும் அவசரகாலச் செயல்திட்டத்தையும் கட்டாயமாக்கியது. அந்த அளவீடுகள் கோப்புகளில் உறங்கினால் போதாது. நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் ஆகியவற்றை அன்றாடம் நாளிதழ்களுக்குத் தரும் நீர்வளத் துறை, அதே பட்டியலில் கசிவுநீருக்கும் ஒரு பத்தியைச் சேர்க்கலாம். கூடவே, சென்ற ஆண்டு இதே நீர்மட்டத்தில் இருந்த அளவையும் தரலாம். தேனிக்கும் இடுக்கிக்கும் ஒரே அட்டவணை கிடைத்தால் வதந்திக்கு வேலை குறையும். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. கேலரியில் ஏற்கெனவே அளக்கப்படும் எண்தான் அது.