தொடாமல் பிறக்கும் நாதம் – 8: லிதியா கவினா

லிதியா கவினா 1967 செப்டம்பர் 8 அன்று மாஸ்கோவில் பிறந்தார். கையால் தொடாமலே வாசிக்கப்படும் தெரமின் கருவியை உருவாக்கிய லெவ் தெர்மென், அவருடைய தாத்தாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரர். ஒன்பது வயதில் கவினா அவரிடம் பாடம் கேட்கத் தொடங்கினார். அப்போது ஆசிரியருக்கு வயது 80. பதினான்காம் வயதில் முதல் கச்சேரி. பிறகு மாஸ்கோ கன்சர்வேட்டரியில் இசையமைப்பு படித்தார். இன்று உலகில் தெரமினை முறையாக வாசிப்பவர்களின் குரு வரிசையைப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டு போனால், பெரும்பாலும் இவரிடம் வந்து சேரலாம்.

அந்த முதிய ஆசிரியரின் கதை கொஞ்சம் தெரிந்தால்தான் மாணவியின் பணி எவ்வளவு பெரியது என்பது விளங்கும். தெர்மென் செல்லோ கற்ற இயற்பியலாளர். 1920-இல் பெட்ரோகிராடில் வாயுக்களின் மின்பண்புகளை அளக்கும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தபோது, கையை அருகில் கொண்டுபோனால் அதன் ஒலி ஏறுவதையும் விலக்கினால் இறங்குவதையும் கவனித்தார். 1922-இல் லெனினுக்கு வாசித்துக் காட்டினார். 1927-இல் வெளிநாட்டுப் பயணம், அடுத்த ஆண்டு அமெரிக்கக் காப்புரிமை, 1929-இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் இந்தக் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஏறக்குறைய 500 கருவிகளே செய்யப்பட்டன. 1938-இல் தாயகம் திரும்பிய தெர்மென் மறு ஆண்டே கைதாகி, கோலிமா முகாமுக்கும் பின்னர் சிறை ஆய்வுக்கூடங்களுக்கும் அனுப்பப்பட்டார். விடுதலைக்குப் பிறகு, 1960-களில் மாஸ்கோ கன்சர்வேட்டரியில் மறுபடி இசைக்கருவிகள் செய்தார். அவர் உயிரோடு இருப்பதை 1967-இல் நியூயார்க் டைம்ஸ் செய்தியாக வெளியிட்டது. அதன் விளைவாக அவர் வேலையை இழந்தார். செய்து வைத்திருந்த கருவிகளும் உடைக்கப்பட்டன. கவினா பிறந்த ஆண்டும் அதுவே. ஆக, அந்தச் சிறுமி பாடம் கேட்க வந்தபோது, சொந்த நாட்டில் அந்த வித்தைக்குப் பெரிய மேடையும் இல்லை, பள்ளியும் இல்லை. கற்றுத்தர அந்த முதியவர் இருந்தார்.

கருவி இயங்கும் விதம் எளிமையானது. பெட்டிக்குள் இரண்டு ஆஸிலேட்டர்கள், நம் காதுக்கு எட்டாத வேகத்தில் மின்னதிர்வுகளை எழுப்புகின்றன. ஒன்றின் அதிர்வெண் மாறாது. மற்றொன்று வலப்பக்கம் நிமிர்ந்து நிற்கும் ஆண்டெனாவோடு இணைந்தது. மனித உடல் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், கை நெருங்க நெருங்க ஆண்டெனாவின் மின்தேக்குத்திறன் கூடுகிறது, அதிர்வெண் குறைகிறது. மாறாத அலை விநாடிக்கு 1,70,000 அதிர்வுகள் என்று வைத்துக்கொள்வோம். மற்றது 1,69,560-க்கு இறங்கினால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 440. அந்த வேறுபாடுதான் ஒலிபெருக்கியில் சுரமாகக் கேட்கிறது. இடப்பக்கம் வளையம் போல் இருக்கும் இன்னொரு ஆண்டெனா ஒலியளவுக்கானது. இடக்கையை உயர்த்தினால் ஒலி பெருகும், தாழ்த்தினால் அடங்கும்.

இந்த இயற்பியல் நமக்குப் புதிதல்ல. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் திறந்த நோக்கியா ஆலையிலிருந்து முதலில் வந்தவை பொத்தானை அழுத்திப் பேசும் கைபேசிகள். அந்த ஆலை 2014-இல் மூடப்பட்டது. அதே வட்டாரத்தில், சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் இன்று இணைக்கப்படும் ஐபோன்களுக்குப் பொத்தான் வரிசை கிடையாது. கண்ணாடிக்கு அடியில் பின்னிய மின்கம்பி வலை, விரல் வந்த இடத்தில் மின்தேக்குத்திறன் எவ்வளவு மாறியது என்பதை அளந்து அறிகிறது. திரையில் விரலை நகர்த்தும் ஒவ்வொருவரும், தெர்மென் நூறாண்டுக்கு முன் கவனித்த அதே விளைவைத்தான் பயன்படுத்துகிறார். ஒரு வேற்றுமை உண்டு. கைபேசி, விரல் கண்ணாடியைத் தொடும்வரை பொறுத்திருக்கும். தெரமின் தூரத்திலேயே கையை உணர்ந்துவிடும். அதனால் வாசிப்பவர் தலையைத் திருப்பினாலும், மூச்சில் உடல் ஆடினாலும், பக்கத்தில் ஒருவர் நடந்து போனாலும் சுரம் பிசகும்.

வாசிப்பின் கடினமும் இங்கேதான் இருக்கிறது. வீணையில் 24 மெட்டுகள் சுரத்தின் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். கோட்டுவாத்தியத்துக்கு மெட்டு இல்லை. ஆனாலும் தந்தியும் அதன்மேல் வழுக்கும் கட்டையும் கைக்குத் தட்டுப்படும். வயலின்காரருக்கு விரல்நுனியின் உணர்வு துணை. தெரமினில் கை வெறும் காற்றில் நிற்கிறது. காது ஒன்றுதான் வழிகாட்டி. அதுவும் சுரம் ஒலித்த பிறகே சொல்லும். ஆண்டெனாவை நெருங்க நெருங்கச் சுரங்களுக்கு இடையேயான தூரமும் சுருங்கிக்கொண்டே போகும். மேடைக்கு மேடை, ஆளுக்கு ஆள் இந்த அளவு மாறுவதால், ஒவ்வொரு முறையும் கருவியைத் தன் உடலுக்கு ஏற்றபடி சரிசெய்துகொள்ள வேண்டும். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது இடையில் உள்ள அத்தனை ஒலிகளும் கேட்டுவிடும். ஜாருவும் கமகமும் கேட்டுப் பழகிய நம் காதுக்கு அது குறையாகத் தோன்றாது. ஐரோப்பிய இசைக்கோ சுரங்கள் தனித்தனியாக நறுக்கென்று விழ வேண்டும். அதற்கு இடக்கை சரியான கணத்தில் ஒலியை வெட்ட வேண்டும். வயலினிலிருந்து தெரமினுக்கு வந்த கிளாரா ராக்மோர் (1911–1998) அமெரிக்காவில் இதற்கென ஒரு விரலசைவு முறையையே வகுத்தார். முழுக்கையை வீசாமல், விரல்களை விரித்தும் மடக்கியும் சுரங்களை எடுக்கும் முறை அது.

கவினா மேடையேறத் தொடங்கிய காலத்தில் வெளியுலகம் தெரமினைப் பேய்க்கருவியாகவே அறிந்திருந்தது. 1945-இல் ஹிட்ச்காக்கின் ‘ஸ்பெல்பவுண்ட்’, 1951-இல் ‘தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்’ என்று மனக்கலக்கத்துக்கும் வேற்றுக்கிரக வாசிகளுக்கும் அதன் ஊளை பயன்பட்டுவந்தது. கருவிக்குப் பெயர் வாங்கித்தந்த சினிமா, அதை ஒற்றை உணர்ச்சிக்குள் அடைத்தும் போட்டது. கவினா சினிமாவை ஒதுக்கவில்லை. அந்த 1950-களின் படவுலகையே கதையாகக் கொண்ட டிம் பர்ட்டனின் ‘எட் வுட்’ (1994) படத்துக்கு, ஹோவர்ட் ஷோரின் இசையில் அவர்தான் வாசித்தார். ஆனால் அவருடைய அதிக முக்கியமான வேலை வேறு இடத்தில் நடந்தது. கச்சேரி மேடைக்கென எழுதப்பட்டு, வாசிப்பார் இல்லாமல் தூங்கிக்கிடந்த படைப்புகளை அவர் மீட்டார். செக் நாட்டு இசையமைப்பாளர் மார்ட்டினு தெரமின், ஓபோ, நால்வர் தந்திக்குழு, பியானோ ஆகியவற்றுக்காக 1944-இல் எழுதிய ஃபேன்டசியா அவற்றில் ஒன்று. இன்னொன்று பெர்சி கிரெய்ஞ்சரின் ‘ஃப்ரீ மியூசிக்’. படிப்படியாக ஏறும் சுரங்களே வேண்டாம், குரல் போல வழுக்கிச் செல்லும் இசை வேண்டும் என்று விரும்பிய கிரெய்ஞ்சர், 1930-களில் அதை வரைபடத்தாளில் கோடுகளாகவே எழுதினார். தெரமின்களுக்காகவே எழுதப்பட்ட இசை அது. இவை 1999-இல் வெளியான ‘மியூசிக் ஃப்ரம் தி ஈதர்’ என்ற கவினாவின் இசைத்தட்டில் இடம்பெற்றன.

அதே தட்டில் அவர் தாமே எழுதிய, தெரமினுக்கும் பியானோவுக்குமான தொகுப்பு இசையும் உண்டு. தெரமினுக்கும் முழு இசைக்குழுவுக்குமாக அவர் இயற்றிய கான்செர்ட்டோவை முதலில் வாசித்தது கில் ரோஸ் நடத்தும் பாஸ்டன் மாடர்ன் ஆர்கெஸ்ட்ரா ப்ராஜெக்ட். தானே வாசிக்கத் தெரிந்தவர் எழுதும்போது, கருவியால் எது முடியும், எது முடியாது என்பது தாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது. பாலே மேடையிலும் அவர் வாசித்திருக்கிறார். ஜான் நியூமையர் நடன அமைப்பில், லெரா அவெர்பாக் இசையில் 2005-இல் கோபன்ஹேகனில் அரங்கேறிய ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ அவற்றில் ஒன்று.

கற்பித்தலில் அவர் இட்ட வித்துகள் வெகுதூரம் பரவின. மாஸ்கோ கன்சர்வேட்டரியைச் சேர்ந்த தெரமின் மையத்தில் பாடம் நடத்தினார். மின்னணு இசைக்கருவி வடிவமைப்பாளர் ராபர்ட் மோக் தமது நிறுவனத்தின் வழியாக 1990-களில் தெரமின்களை மறுபடி விற்கத் தொடங்கியபோது, வாங்கியவர்களுக்கு வழிகாட்ட ஆசிரியர்கள் இல்லை. கவினாவின் ‘மாஸ்டரிங் தி தெரமின்’ என்ற பாட ஒளிநாடா அந்த இடத்தை நிரப்பியது. தெர்மென் 1993 நவம்பரில், 97 வயதில் மறைந்தார். அதே ஆண்டு ஜப்பானிலிருந்து மாஸ்கோவுக்கு வந்து கவினாவிடம் சேர்ந்தவர் மாசாமி தாகேவுச்சி. ஊர் திரும்பிய அவர், ரஷ்ய மரப்பொம்மைக்குள் தெரமினைப் பொருத்தி ‘மாத்ரியோமின்’ என்ற சிறுகருவியைச் செய்தார். 2013-இல் ஹமமட்சு நகரில் 272 பேர் ஒன்றாக அமர்ந்து அதை வாசித்தார்கள்.

ஜெர்மனியின் கரோலினா ஐக், ஏழு வயதில் கவினாவிடம் முதல் பாடம் கற்றவர். கையின் விரிவை எட்டு நிலைகளாகப் பகுத்து, ஒரு ஸ்தாயியின் சுரங்களை அவற்றில் அடக்கும் முறையைப் பதின்பருவத்திலேயே வகுத்தார். 2006-இல் அதைப் பாடநூலாக வெளியிட்டார். பின்லாந்தின் கலேவி ஆஹோ அவருக்காகவே எழுதிய ‘எட்டுப் பருவங்கள்’ என்ற தெரமின் கான்செர்ட்டோ, 2012-இல் ரோவனியெமியில் அரங்கேறியது.