விண்ணிலிருந்து மண்ணின் ஈரம் அறிதல்

உழவன் மண்ணைக் கையிலெடுத்துப் பிசைந்து அதன் ஈரத்தை அறிகின்றான். ஆய்வுகூடத்தார் அதனை நிறுத்து, 105 பாகை சதமவளவையில் உலர்த்தி, மீண்டும் நிறுத்து, குறைந்த நிறையை நீரெனக் கணிப்பர். இரண்டும் நம்பத்தக்க முறைகளே; ஆயினும் ஒரு பிடி மண்ணைப் பற்றியே அவை பேசுவன. ஒரு நாட்டில் வறட்சி எங்கே தொடங்குகின்றது, அடுத்த மழை நிலத்துட் புகுமா, வெள்ளமாய் ஓடுமா என அறியவேண்டியோர்க்கு அவை போதா.

இவ்விடத்து நுண்ணலை உதவுவது நீரின் ஓர் இயல்பினாலாகும். நீர் மூலக்கூற்றின் ஒரு புறம் நேர்மின்னும் மறுபுறம் எதிர்மின்னும் சார்ந்துள்ளன. மின்மண்டலம் மாறுந்தோறும் அது திரும்ப முயல்கின்றது. ஆதலின் நீரின் மின்னுழைய மாறிலி ஏறத்தாழ 80. உலர்ந்த மண்ணுக்கோ 3 அல்லது 4 அளவினதே. எல்லாப் பொருள்களும் தம் வெப்பத்துக்கேற்ப நுண்ணலையைச் சிறிதளவு காலுகின்றன. மண் நனைய நனைய மேற்பரப்பின் தெறிப்புக் கூடுகின்றது, காலல் குறைகின்றது. எனவே ஒரே வெப்பநிலையிலுள்ள இரு நிலங்களுள் ஈரமானதே கருவிக்குக் குளிர்ந்ததாய்த் தோன்றும். வெப்பமானியை நட்டுப் பார்ப்பவர்க்கு இவ்வேறுபாடு புலப்படாது.

அலைநீளம் ஏறத்தாழ 21 சதமமீற்றராயின், அது முகிலையும் அடர்த்தி குறைந்த பயிரையும் ஊடுருவி, மேல்மண்ணின் 5 சதமமீற்றர் அளவிலுள்ள ஈரத்தை அறிவிக்கும். நீண்ட அலைக்குப் பெரிய வாங்கி வேண்டும் என்பதே இடர். 2009 நவெம்பரில் ஏவப்பட்ட ஐரோப்பியச் செய்மதியாகிய சிமோசு, மூன்று கரங்களில் 69 சிறு வாங்கிகளைப் பரப்பி இவ்விடரைத் தீர்த்தது. 2015 சனவரி 31 இல் நாசா ஏவிய சிமாப்பு, 6 மீற்றர் விட்டமுள்ள வலைத் தெறிகலத்தைச் சுழற்றியது. அவ்வாறாகியும் அதன் கதிர்மானி ஏறத்தாழ 40 கிலோமீற்றர் அகலமான நிலத்தையே ஒரு புள்ளியாகக் கண்டது. வயலும் குளமும் ஊரும் அதனுள் அடங்கிவிடும்! இக்குறையை நீக்கவே உடன் அனுப்பப்பட்ட இரேடார், அவ்வாண்டு யூலையிலேயே செயலிழந்தது. பின்னர் ஐரோப்பாவின் சென்ரினல்-1 செய்மதிகளின் இரேடார் அளவீடுகளைத் துணைக்கொண்டு நுட்பமான படங்கள் ஆக்கப்பட்டன. இழப்பு முற்றாக ஈடாயிற்று எனல் பொருந்தாது. இரு செய்மதிகளும் ஒரே வேளையில் ஒரே நிலத்தைக் காண்பதில்லையே.

இன்னுமோர் இடருண்டு, அது மனிதர் விளைத்தது. 1400 முதல் 1427 மெகாஏட்சு வரையான அலைப்பட்டை, ஐதரசன் வரியை ஆராயும் வானியலார்க்கும் இத்தகைய கருவிகட்குமெனச் சர்வதேச விதிகளால் ஒதுக்கப்பட்டது. அதில் எவரும் ஒலிபரப்பலாகாது. சிமோசு மேலேறியபோதோ பல நாடுகளிலிருந்து விதிமீறிய அலைகள் எழக் கண்டனர். அவை மண்ணின் மெல்லிய காலலை மூடிவிட, அவ்விடங்களின் அளவீடுகள் பயனற்றுப்போயின. அந்தந்த நாட்டு அதிகாரிகளுக்கு முறையிட்டுப் பல நிலையங்களை நிறுத்துவித்த பின்னரே அந்நிலங்களின் ஈரம் தெரியவந்தது.