சுண்டுவிரல் பருமனுள்ள தண்டுவடம்

ஜோகுபாளையத்துச் சந்து ஒன்றில் சென்ற ஆண்டு ஒரு மாலை வேளையில், மாடிச் சுவருக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் ஏணி சறுக்கிக் கீழே விழுந்தார். அரை நிமிடத்தில் கூட்டம் கூடிவிட்டது. உதவும் மனமில்லாதவர் அங்கு ஒருவரும் இல்லை. ஆட்டோ வந்து நின்றது. இருவர் தோளையும் இருவர் காலையும் பற்றினர். அப்போது எதிர்வீட்டிலிருந்து ஓடிவந்த ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், “தூக்காதீங்கப்பா! கழுத்தை ஆட்டாதீங்க, ஆம்புலன்ஸ் வரட்டும்” என்று தடுத்தார். விழுந்தவரோ, “கால் மரத்துப்போச்சும்மா” என்றார். இந்த நிலையிலா காத்திருப்பது என்று சிலர் முணுமுணுத்தனர். அவர்களுள் இக்கட்டுரையாளனும் ஒருவன்.

அவ்வம்மையார் தடுத்ததன் காரணம் முதுகெலும்புக்குள் இருக்கிறது. முதுகெலும்பு, தண்டுவடம் என்னும் இரண்டையும் பேச்சுவழக்கில் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். உண்மையில் ஒன்று காப்பது, மற்றொன்று காக்கப்படுவது. பிறக்கும்போது நமக்கு 33 முள்ளெலும்புகள். பெரும்பாலானவற்றில் ஒரு வளையம் உண்டு. வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைவதால் நீண்ட குழாய் ஒன்று உருவாகிறது. மூளையின் தொடர்ச்சியாக அக்குழாய்க்குள் இறங்குவதே தண்டுவடம். நீளம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். பெண்களுக்குச் சற்றுக் குறைவு. பருமனோ சுண்டுவிரல் அளவுதான். மூன்று உறைகளும், அவற்றினிடையே தெளிந்த திரவமும் அதனைச் சூழ்ந்துள்ளன. முள்ளெலும்பு முறிந்து இடம் பெயர்ந்தால், காப்பாக இருந்த வளையமே தண்டுவடத்தை நசுக்கும் கருவியாகிவிடும். முறிந்த எலும்பு இடம் பெயராமல் நிற்கும் ஒருவரைத் தோளும் காலுமாகத் தூக்கி மடித்தால் நேரக்கூடியது அதுதான்.

தண்டுவடம் முதுகின் அடிவரை செல்வதாகப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறில்லை. இடுப்புப் பகுதியின் முதல் இரண்டு முள்ளெலும்புகளின் அருகிலேயே அது முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குழாய்க்குள் இருப்பவை கற்றையாகத் தொங்கும் நரம்பு வேர்கள்; உடற்கூற்று நூலார் அதற்குக் குதிரைவால் என்றே பெயரிட்டனர். சிசேரியன் அறுவைக்கு முன் முதுகில் போடும் ஊசி இந்தக் கீழ்ப்பகுதியில்தான் இறங்குகிறது. திரவத்தில் மிதக்கும் வேர்கள் பெரும்பாலும் ஊசி முனைக்கு விலகிக் கொடுக்கும். அந்த ஊசி தண்டுவடத்தையே குத்திவிடுமோ என்று அஞ்சும் குடும்பத்தார்க்கு இச்செய்தி ஆறுதல் தரும்.

தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகள் இருபுறமும் புறப்படுகின்றன: கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே 5, வாலெலும்பருகே 1. மூளையிலிருந்து நேரே கிளம்பும் 12 இணைகளோடு இவையும் இவற்றின் கிளைகளும் சேர்ந்தவையே புற நரம்பு மண்டலம். தண்டுவட நரம்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு வேர்கள் உண்டு. பின்வேர் வழியே தொடுகை, சூடு, வலி ஆகிய செய்திகள் உள்ளே வருகின்றன. முன்வேர் வழியே தசைகளுக்குக் கட்டளை வெளியே செல்கிறது. சூடான தோசைக்கல்லில் விரல் பட்டதும் கை பின்வாங்குகிறதல்லவா? அந்த முடிவைத் தண்டுவடமே எடுத்துவிடுகிறது. “சுட்டுவிட்டது” என்று மூளை அறிவது அதன் பிறகுதான்.

ஆகவே, தண்டுவடம் எந்த மட்டத்தில் காயமுற்றது என்பதே ஒருவர் எதை இழப்பார் என்பதைத் தீர்மானிக்கிறது. கழுத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் நரம்புகள் மூச்சுக்குரிய உதரவிதானத்தை இயக்குபவை. அவற்றுக்கு மேலே முழுமையாக அறுபட்டால் சுவாசமே நின்றுவிடும். கைகளுக்குரிய நரம்புகள் கழுத்தின் கீழ்ப்பகுதியிலும் மார்பின் தொடக்கத்திலும் பிரிகின்றன. அதற்குக் கீழே காயமுற்றவருக்குக் கைகள் பிழைத்துவிடும். கால்களும், சிறுநீர், மலக் கட்டுப்பாடும் பாதிக்கப்படும்.

இதற்கு நம் அருகிலேயே ஒரு சான்று உண்டு. ஜோகுபாளையத்தை ஒட்டிச் செல்லும் பழைய மதராஸ் சாலையில் கோலார் வழியாகக் கிழக்கே பயணம் செய்தால் வேலூர்ப் பக்கம் போய்ச் சேரலாம். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ஆம் ஆண்டு ஒரு வாகன விபத்தில் தண்டுவடம் காயமுற்றார். இளம் மருத்துவரான அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வும் இயக்கமும் மீளவில்லை. ஆனால் கைகள் எஞ்சியிருந்தன. அக்கைகளுக்கு வேலை தந்தவர் அக்கல்லூரியின் அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர். தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம் என்பதால், மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியிலிருந்தபடியே அதனைச் செய்தார்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. மருத்துவருக்குக் காயம் தண்டுவடத்தில். நோயாளிகளுக்கோ பாதிப்பு புற நரம்புகளில். தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடுவது. தோலுக்கு அண்மையில் ஓடும் நரம்புகளை, குறிப்பாக முழங்கையின் உட்புறம் செல்லும் நரம்பை, அது தாக்கும். கதவு நிலையில் முழங்கை இடித்தால் சுண்டுவிரல் வரை ‘சுருக்’ என்று மின்சாரம் பாய்வது போலிருக்குமே, அதே நரம்புதான். அது செயலிழந்தால் மோதிரவிரலும் சுண்டுவிரலும் மடங்கிவிடும். தொடுகையும் வலியும் தெரியாமல் போகும். தொழுநோயாளரின் விரல்கள் தாமே அழுகி உதிர்வதாக அக்காலத்தில் நம்பினர். வலி தெரியாததால் சூடுபட்டும் வெட்டுப்பட்டும் கவனிப்பாரற்ற புண்களே விரல்களை அழித்தன என்பதை பிராண்ட் வேலூரில் கண்டறிந்தார். வலியை ஒரு கொடையாகவே அவர் பேசி வந்தார். மடங்கிய விரல்களுக்கு அவர் கண்ட வழி, நல்ல நரம்புள்ள வேறொரு தசையின் தசைநாணைத் திருப்பிப் பொருத்துவது.

மேரி வர்கீஸ் பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். வேலூரில் 1966-இல் தண்டுவடக் காயமுற்றோருக்கான மறுவாழ்வு நிலையம் தொடங்கியது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

புற நரம்பு அறுபட்டால் அதனைத் தைத்து இணைக்க முடியும். அதன் இழைகளைச் சுற்றியுள்ள ஷ்வான் செல்கள் வழிகாட்ட, இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும். மணிக்கட்டில் அறுந்த நரம்பு விரல் நுனியை எட்டப் பல மாதங்கள் ஆகும். தண்டுவடத்தில் அந்த வசதி இல்லை. அங்குள்ள சூழலும் காயத்தின் வடுவும் வளர்ச்சியைத் தடுத்துவிடுகின்றன. நசுங்கிய தண்டுவடம் ஓரளவு தேறலாம். அறுந்தது மீண்டும் இணைவதில்லை. எனவேதான் விழுந்தவரைத் தொடும் முதல் கை இத்தனை முக்கியம். தீ, நீர், போக்குவரத்து போன்ற உடனடி ஆபத்து இல்லாவிடில் அவரை அசைக்கலாகாது. தலையையும் கழுத்தையும் இருந்த நிலையிலேயே தாங்கிப் பிடித்து 108-ஐ அழைக்க வேண்டும். உட்கார வைத்துத் தண்ணீர் புகட்டும் வழக்கமும் கூடாது. சாலை விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுவோர்க்கு 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது, தயங்க வேண்டியதில்லை.

வங்கி இதழ் என்பதால் ஒன்று சொல்லலாம். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில், 18 முதல் 70 வயதுவரை உள்ளோர் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தினால், விபத்தால் இரு கால்களின் பயனையும் மீளாதபடி இழந்தோர்க்கு 2 இலட்சம் ரூபாயும், ஒரு காலுக்கு 1 இலட்சமும் கிடைக்கும். அந்த வண்ணம் பூசும் தொழிலாளி இதில் சேர்ந்திருக்கவில்லை.

ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடமாயிற்று. பலகையில் கிடத்தி எடுத்துச் சென்றனர். இடுப்பின் முதல் முள்ளெலும்பு உடைந்து, அதன் சில்லு தண்டுவடத்தை ஒட்டி நின்றிருந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்த மூன்றாம் வாரம் இடக்கால் பெருவிரலில் தொடுகை தெரியத் தொடங்கியது. வலக்கால் இன்னும் சற்று இழுக்கிறது. ஏணி ஏறுவதை விட்டுவிட்டார். இப்போது அதே சந்தில் தரையில் நின்று கதவுகளுக்கு வார்னிஷ் பூசுகிறார்.